139 என்று காட்டிய 94: லாக்புக் சாஃப்ட்வேர் வாங்கப்போகிறவர்களுக்கு

அமெரிக்காவில் பறந்துவிட்டு வந்து இந்திய விமானி உரிமத்துக்கு மாற்றிக்கொள்ள நினைக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஒரு எலக்ட்ரானிக் லாக்புக்கை (பறந்த நேரத்தைப் பதியும் குறிப்பேடு) நம்பினதில் எனக்குப் போனது 84,000 ரூபாய், ஒரு குளிர்காலம், அப்புறம் வீட்டில் இருந்த நல்ல பெயர். நிறுவனத்தின் பெயரைப் போடப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அதை மட்டும் விட்டுவிட்டு இதே மாதிரி இன்னொன்றை வாங்குவீர்கள். எங்கே மாட்டினேன் என்பதைச் சொல்கிறேன், அதுதான் உதவும்.

நான் பயிற்சி எடுத்தது அரிசோனாவில், செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில். பள்ளியில் சேர்ந்த வாரமே பழுப்பு அட்டை போட்ட காகித லாக்புக் ஒன்றை வாங்கச் சொன்னார்கள், வாங்கினேன். முதல் அறுபது மணி நேரம் வரை ஒழுங்காக எழுதினேன். அப்புறம்தான் ஒரு சீனியர் இந்த ஆப்பைக் காட்டினார். போனிலேயே பதியலாம், கூட்டல் தானாக வரும், ‘இந்திய டிஜிசிஏ வடிவத்தில் ஒரே தட்டில் அறிக்கை’ என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் (டிஜிசிஏ என்பது இந்தியாவில் விமானி உரிமம் கொடுக்கும் அரசு இயக்குநரகம்). ஆயுள் சந்தா 149 டாலர். அதற்கு மேல் 60 டாலர் கொடுத்தால் பழைய பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் போதும், அவர்களே தட்டச்சு செய்து ஏற்றித் தருவார்களாம். கொடுத்தேன். மூன்றே நாளில் ஏற்றிவிட்டார்கள். அவ்வளவு வேகமாக வந்தபோதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பயிற்சி முடியும்போது ஆப் காட்டிய மொத்தம் 231 மணி, அதில் பி.ஐ.சி. (விமானத்துக்கு நானே பொறுப்பாக இருந்து பறந்த நேரம்) 139. இந்தியாவில் சிபிஎல் எனும் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி மொத்தம் வேண்டும், அதில் 100 பி.ஐ.சி. எல்லாம் தாராளமாக இருக்கிறது என்று நிம்மதியாக விமானம் ஏறினேன். பயணியாகத்தான்.

டெல்லி துவாரகாவில் ஒரு அறை. கிரவுண்ட் கிளாஸ் படிக்கிற பையன்கள் நான்கு பேர். விண்ணப்பத்துக்குத் தாள்களைத் தயார் செய்துகொண்டிருந்தபோது மதுரைக்கார அண்ணன் ஒருவர் வந்திருந்தார், ஏற்கெனவே ஏர்லைனில் பறப்பவர். ஆப்பில் இருந்து எடுத்த அறிக்கையைப் பெருமையாக நீட்டினேன். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது: “ஏன்டா தம்பி, 172-ல ஒரு சர்க்யூட் சார்ட்டிக்கு ஒன்றரை மணி நேரமா பறந்தே?”

சர்க்யூட் சார்ட்டி என்றால் ஓடுபாதையைச் சுற்றிவந்து இறங்கிப் பழகும் ஒரு பறப்பு. காகித லாக்புக்கை எடுத்துப் பார்த்தோம். அதே தேதியில் 0.9 என்று என் கையெழுத்து. அமெரிக்காவில் ஹாப்ஸ் மீட்டர் (விமானம் ஓடிய நேரத்தைக் காட்டும் கருவி) மணியைப் பத்தில் ஒரு பங்காகத்தான் காட்டும். 0.1 என்றால் 6 நிமிடம். ஆகவே 0.9 என்பது 54 நிமிடம். தட்டச்சு செய்தவர்களோ புள்ளிக்குப் பின்னால் இருப்பதை நிமிடத்தின் முதல் இலக்கமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 0.9 என்பது 0:90 ஆகி, சாஃப்ட்வேர் அதை மரியாதையாக 1:30 என்று மாற்றிவிட்டது. 1.3 என்பது 1:18 ஆக வேண்டியது, 1:30 ஆகியிருந்தது. 1.7 என்பது 1:42-க்குப் பதில் 2:10. மனிதத் தவறு நடக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிமிடத்தில் 90 என்று ஒரு எண் வந்தால் ‘இது என்ன’ என்று கேட்கக்கூட முடியாத சாஃப்ட்வேருக்கு எதற்கு 149 டாலர்?

அன்று ராத்திரி ஸ்டீல் ஸ்கேலும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அண்ணன் காகிதத்தில் இருந்து வாசிக்க, நான் திரையில் தேட. அறுபது மணி வரைக்கும்தான் காகிதம், அதற்குப் பின்னால் இருந்ததைப் பள்ளியின் பதிவோடும் பில்லோடும் ஒப்பிட்டோம். விடிகாலை வரை போயிற்று.

இரண்டாவது பூதம் ஜூலை மாதத்தில் கிளம்பியது. ஒரே விமானம், ஒரே வழி, ஒரே நிமிடக்கணக்கு. ஜூலை 3-இல் ஒன்று, ஜூலை 4-இல் ஒன்று. அரிசோனாவில் மாலை 5 மணி என்றால் யுடிசியில் (உலகப் பொது நேரம்) நள்ளிரவு, தேதி மாறிவிடும். நான் உள்ளூர் தேதியில் பதிந்திருந்தேன். பிறகு வந்த ஒரு அப்டேட் எல்லாவற்றையும் யுடிசிக்கு மாற்றியபோது பழையதை அழிக்காமல் புதியதையும் சேர்த்துவிட்டது. இப்படி எட்டுப் பறப்புகள் இரட்டைப் பிள்ளைகளாக நின்றன.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்தியாவில் அதிக மணி காட்டுவது விளையாட்டுக் காரியம் இல்லை. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் கைதானதும், பறக்காத மணிகளை எழுதிக்கொடுத்ததாகப் பயிற்சிப் பள்ளிகள் மீது விசாரணை நடந்ததும் நம் தொழிலில் யாரும் மறக்காத சங்கதி. பள்ளி கொடுக்கும் சான்றில் 212, என் அறிக்கையில் 231 என்று கொண்டுபோய் நீட்டியிருந்தால், ‘ஆப் தப்பு பண்ணிடுச்சு சார்’ என்று யாரிடம் போய்ச் சொல்வது? கையெழுத்து என்னுடையது.

இரவு நேரக் கணக்கு நேர் எதிராகக் குறைந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்கத்தான் ரொம்ப நேரம் ஆனது. அரிசோனாவில் கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் கிடையாது (வடக்கே நவஹோ பழங்குடிப் பகுதியில் மட்டும் உண்டு). வருடம் முழுக்க யுடிசிக்கு 7 மணி பின்னால். ஆப்போ கிழக்கே இருக்கும் நியூ மெக்சிகோவைப் போலக் கோடையில் 6 மணி என்று எடுத்துக்கொண்டது. ஜூலை தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் பக்கம் சூரியன் மறைவது சுமார் 7:40, வெளிச்சம் அடங்குவது 8:10 வாக்கில். இரவு 8:15-க்குக் கிளம்பி 9:45-க்கு இறங்கிய ஒரு பறப்பு முழுசாக இரவு, 1.5 மணி. ஆப் அதை 7:15-க்குக் கிளம்பினதாக நினைத்துக்கொண்டு 35 நிமிடம் மட்டும் இரவு என்று போட்டிருந்தது. நான் வானத்தில் கும்மிருட்டில் இருந்தேன், சாஃப்ட்வேர் என்னை அந்திவெளிச்சத்தில் உட்காரவைத்திருந்தது. சிபிஎல்லுக்கு இரவில் 5 மணி நேரமும், 10 புறப்பாடும், 10 தரையிறக்கமும் கேட்பார்கள். இந்தக் கணக்கில் ஒவ்வொரு நிமிடமும் பவுன்.

இவ்வளவையும் சரிசெய்துவிடலாம், சரிசெய்தோம். முதுகை உடைத்தது பி.ஐ.சி.தான்.

அமெரிக்க விதி 61.51 படி, பிரைவேட் பைலட் உரிமம் வந்த பிறகு, பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும், நான் ஒருவனே கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்த நேரத்தை பி.ஐ.சி. என்றும் எழுதலாம், டூயல் (பயிற்சியாளரோடு பறந்த நேரம்) என்றும் எழுதலாம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதி) பயிற்சி முழுக்க எனக்கு அப்படித்தான் இரண்டு பத்தியிலும் ஏறியது. அங்கே அது நியாயமான கணக்கு. இந்தியாவில் அந்த ஜம்பம் பலிக்காது. பயிற்சியாளர் கற்றுக்கொடுத்த நேரம் டூயல், அவ்வளவுதான். ‘டிஜிசிஏ வடிவம்’ என்ற அந்த அறிக்கை செய்ததெல்லாம் பத்திகளின் தலைப்பை மாற்றியதுதான். உள்ளே இருந்த எண் அதே அமெரிக்க எண். இந்தியக் கணக்கில் என் உண்மையான பி.ஐ.சி. 94.6. நூறுக்கு ஐந்தரை மணி நேரம் குறைச்சல்.

பாதித் தப்பு என்னுடையது, மறைக்கவில்லை. விதியைப் படித்திருந்தால் அங்கேயே கடைசி மாதத்தில் டூயலைக் குறைத்து நாலு கிராஸ்கன்ட்ரி (வேறு விமான நிலையத்துக்குப் போகும் நெடும்பறப்பு) தனியாகப் போய்விட்டு வந்திருப்பேன். ஆனால் ‘இந்திய விதிப்படி’ என்று காசு வாங்கினவனுக்கும் ஒரு பங்கு உண்டா இல்லையா? அதைத்தான் எழுதிக் கேட்டேன். ஆறு நாள் கழித்துப் பதில் வந்தது: எந்த நாட்டு விதியை எப்படிப் புரிந்துகொள்வது என்பது பயன்படுத்துபவரின் பொறுப்பாம், நான் சந்தா எடுத்தபோது அதற்குச் சம்மதித்து டிக் அடித்திருக்கிறேனாம். உண்மைதான், அடித்திருக்கிறேன்.

மத்தியப் பிரதேசத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் 6 மணி பறந்தேன், மணிக்கு 14,000. டிசம்பர் மாதம், காலையில் மூடுபனி, ஓடுபாதையின் மறுமுனை தெரியாது. 6 மணி பறக்க ஐந்து வாரம். தினமும் ஏழு மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். அப்பா போனில் ஒன்றும் கேட்கமாட்டார், ‘சாப்பிட்டியா’ என்பதோடு சரி. அது இன்னும் கஷ்டம்.

இனி ஆயுள் சந்தாவின் கதை. யாருடைய ஆயுள் என்று வாங்கும்போது கேட்டிருக்க வேண்டும். பதினாலாவது மாதம் ஒரு மின்னஞ்சல்: ஆப்பின் மூன்றாம் பதிப்பு ‘புதிய தயாரிப்பு’, என் ஆயுள் சந்தா இரண்டாம் பதிப்புக்கு மட்டும். இரண்டாம் பதிப்பில் இனிப் பார்க்க மட்டும் முடியும், புதிதாகப் பதிய முடியாது, எக்ஸ்போர்ட்டும் கிடையாது. என் மணிக்கணக்கை நான் வெளியே எடுக்க வருடத்துக்கு 89 டாலர். வேறு வழி? கட்டினேன். வந்த சிஎஸ்வி கோப்பில் குறிப்புப் பத்தி காலி, பயிற்சியாளர் திரையில் போட்ட கையெழுத்து எதுவும் இல்லை, நேரமெல்லாம் அந்தப் பழைய ஒரு மணி நேரத் தவறோடு.

இதையெல்லாம் பட்டுவிட்டு இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். எந்த லாக்புக் சாஃப்ட்வேராக இருந்தாலும் இலவசச் சோதனைக் காலத்தில் என் பறப்பில் இருந்து வம்பான ஐந்தை மட்டும் உள்ளே போடுவேன். அந்திநேரத்தில் கிளம்பி இருட்டில் இறங்கியது ஒன்று. யுடிசியில் தேதி மாறும் நேரத்தில் பறந்தது ஒன்று. உரிமம் வந்த பிறகு பயிற்சியாளரோடு போனது ஒன்று. 0.9 என்று ஒன்று. சிமுலேட்டர் ஒன்று (அதையும் மொத்தப் பறப்பு நேரத்தில் கூட்டிக் காட்டிய ஆப்களைப் பார்த்திருக்கிறேன்). ஐந்துக்கும் விடை எனக்கு முன்கூட்டியே தெரியும், காகிதத்தில் போட்டு வைத்திருக்கிறேன். ஒன்று பிசகினாலும் அந்த ஆப் வேண்டாம். ஐந்தும் சரியாக வந்தால், காசு கட்டுவதற்கு முன்னால் அந்த ஐந்தையும் எக்ஸ்போர்ட் செய்து, சாதாரண எக்ஸெல்லில் திறந்து பார்ப்பேன். போட்டதெல்லாம் திரும்பி வருகிறதா? குறிப்புகளும் சேர்ந்தா? சோதனைக் காலத்தில் எக்ஸ்போர்ட்டே இல்லை என்று சொல்கிற கடையில் கால் வைக்கமாட்டேன்.

பழைய பக்கங்களைத் தட்டச்சு செய்துதருகிறோம் என்பவர்களிடம் கொடுக்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. இருநூறு மணி என்றால் நூற்றைம்பது வரி சொச்சம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. நீங்களே செய்தால் உங்கள் தவறுகளும் கூடவே தெரியும். அவசரத்துக்குக் கொடுத்தே ஆகவேண்டுமானால், ஒவ்வொரு காகிதப் பக்கத்தின் அடியில் இருக்கும் கூட்டலும் திரையில் அதே வரிகளின் கூட்டலும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

காகித லாக்புக்கை விட்டுவிடாதீர்கள். 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளில் 67ஏ, லாக்புக்கை மையால் எழுதச் சொல்கிறது. விண்ணப்பம் டிஜிசிஏவின் இ-ஜிசிஏ இணையதளத்துக்குப் போய்விட்ட காலத்திலும் என்னைக் காப்பாற்றியது அந்தப் பழுப்பு அட்டை நோட்டுதான். அதற்குப் பின்னால் எழுதாமல் விட்ட 150 மணிக்குத்தான் பள்ளியின் வாசலில் நின்று கெஞ்ச வேண்டியிருந்தது. மாதம் ஒருமுறை பக்கங்களைப் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், லாக்புக் தொலைந்து அழுதவர்களையும் தெரியும்.

அந்த 89 டாலர் சந்தாவைக் கட்டிய அன்றே ரத்து செய்தேன், ரத்தானதாக மின்னஞ்சலும் வந்தது. போன மாதம் கார்டில் மறுபடி 89 டாலர் எடுத்திருக்கிறார்கள். வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் திரும்ப வரவில்லை. கார்டை மட்டும் முடக்கிவிட்டேன்.