216 போனால் எந்த ஆறு சிலிண்டர்? பழைய செவ்ரோலெட்டுக்கு மாற்று இன்ஜின்

எங்கள் வீட்டில் இருப்பது 1951 செவ்ரோலெட் ஸ்டைல்லைன். ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் வண்டிகளை அசெம்பிள் செய்து விற்றதால், தமிழ்நாட்டில் இந்த வகைக் கார்கள் இன்னும் அங்கங்கே இருக்கின்றன. உள்ளே இருக்கும் 216 கன அங்குல ஆறு சிலிண்டர் இன்ஜினில் ராடு (பிஸ்டனை க்ராங்க் ஷாஃப்ட்டோடு இணைக்கும் தண்டு) தட்டத் தொடங்கியதும் அடுத்து என்ன என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. நான் செவ்ரோலெட்டின் 235 கன அங்குல இன்ஜினுக்குப் போனேன். அதே நிலையில் இன்று ஒருவர் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். மற்றவை ஏன் வேண்டாம் என்று நினைத்தேன் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் போடுவதை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. பெட்ரோல் செலவுக்குப் பயந்து ஒரு காலத்தில் நிறைய பேர் அப்படிச் செய்தார்கள். ஐடிலில் கதவும் கண்ணாடியும் நடுங்கும் செவ்ரோலெட்டில் ஒரு முறை உட்கார்ந்தவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

முதல் வழி, இருக்கிற 216-ஐயே இறக்கி வேலை பார்ப்பது. 92 குதிரைத்திறன், மூன்றரை லிட்டர், அமைதியான இன்ஜின். அதன் உயவு முறை மட்டும் வேறு. க்ராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்குப் பம்ப் ஆயில் அனுப்புகிறது. கனெக்டிங் ராடுகளுக்கு அனுப்புவதில்லை. ஒவ்வொரு ராட்டின் அடி மூடியிலும் கரண்டி போல ஒரு சிறு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பில் இருக்கும் தொட்டியில் அது ஆயிலை மொண்டுகொள்ளும். வேகம் கூடினால் நாசில்கள் அதன் மேல் ஆயிலைப் பீய்ச்சும். ராடுகளில் கழற்றி மாட்டும் பேரிங் ஷெல் கிடையாது. வெள்ளை உலோகத்தை உருக்கி ராட்டிலேயே ஊற்றி, கடைந்து, ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும்.

கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஊற்றிக் கடைகிற கையும் தேடினால் கிடைக்கும். எங்களுக்கு வேலை பார்க்கும் பெரியவர் ராடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஊத்திக் கடைஞ்சு குடுத்துறலாங்க சார். எத்தனை நாளைக்கு நிக்கும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க" என்றார். அவர் திறமையில் குறையில்லை. இந்த இன்ஜின் 1930களின் சாலைக்காக வடிவமைக்கப்பட்டது. எங்கள் வண்டியின் ஆக்சில் விகிதம் 4.11, மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2,500 சுற்றில் ஓடும். கனமான வார்ப்பிரும்பு பிஸ்டன்களைச் சுமந்துகொண்டு, மொண்டு ஊற்றும் ஆயிலை நம்பி, சேலம் வரை நான்குவழிச் சாலையில் அதே வேகத்தில் விரட்டுவது அந்த ராடுகளுக்கு நல்லதில்லை. ஊருக்குள்ளும் கண்காட்சிக்கும் மட்டும் எடுப்பவர் தாராளமாக 216-ஐயே வைத்துக்கொள்ளலாம். நாங்கள் வண்டியை ஓட்டுகிறவர்கள்.

இரண்டாவது வழி ஜோங்கா இன்ஜின். நிசான் உரிமத்தில் ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் ராணுவத்துக்காகச் செய்த ஜீப்பின் 3,956 சிசி பெட்ரோல் சிக்ஸ் அது. ராணுவ ஏலத்தில் வந்த வண்டிகளால் இன்ஜினும் உதிரிபாகமும் நம் நாட்டிலேயே கிடைக்கும். கப்பலில் வரவழைக்க வேண்டாம். அளவிலும் செவ்ரோலெட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. காகிதத்தில் பார்த்தால் இதுதான் வெல்ல வேண்டும். அமெரிக்கக் கார்களில் இதைப் பொருத்தி வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இன்ஜினைப் பற்றி அவர்கள் குறை சொன்னதில்லை.

மூன்றாவது, செவ்ரோலெட்டின் அடுத்த தலைமுறை 250 கன அங்குல இன்ஜின். 1966-ல் வந்தது, 4.1 லிட்டர், ஏழு மெயின் பேரிங். அமெரிக்காவில் இன்றும் குவிந்து கிடக்கிறது. தனி இன்ஜினாக மட்டும் பார்த்தால் இந்த வரிசையில் இதுதான் சிறந்தது.

இந்த இரண்டையும் நான் ஒதுக்கியதற்கு ஒரே காரணம் இன்ஜினுக்குப் பின்னால் இருக்கிறது. 1954 வரை வந்த செவ்ரோலெட் கார்களில் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. டார்க் ட்யூப் என்ற இரும்புக் குழாய்க்குள் அது ஓடும். குழாயின் பின்முனை டிஃபரன்ஷியலோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். முன்முனை கியர்பாக்ஸின் பின்புறத்தில் ஒரு பந்துக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். யுனிவர்சல் ஜாயிண்ட்டும் அதற்குள்ளேதான். வண்டி இழுக்கும்போது ஆக்சில் திருகிக்கொள்ளப் பார்க்கும். அந்த முறுக்கைத் தாங்குவது குழாய். லீஃப் ஸ்பிரிங் அதற்காக அமைக்கப்படவில்லை.

ஆக, கியர்பாக்ஸை மாற்றினால் குழாய் போகும். குழாய் போனால் ஆக்சில் போகும். வேறு ஆக்சில் வந்தால் ஸ்பிரிங் உட்காரும் இடத்தை வெட்டி வெல்டு செய்ய வேண்டும், பிரேக் டிரம் மாறும், ஹேண்ட்பிரேக் கேபிள் மாறும், வீல் போல்ட் அளவும் மாறலாம். 250-இன் பின்முகத்தில் உள்ள போல்ட் துளைகள் செவ்ரோலெட் வி8-க்கு உரியவை; 216-இன் பெல் ஹவுசிங்கில் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) நேரடியாகச் சேராது. ஜோங்கா இன்ஜினுக்குச் செவ்ரோலெட்டோடு எந்த உறவும் இல்லை. இரண்டுக்கும் அடாப்டர் தகடு கடைந்து பழைய கியர்பாக்ஸைக் காப்பாற்றலாம். ஆனால் அந்தத் தகட்டில் க்ராங்க்கின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மையமும் மயிரிழை விலகினாலும் அந்த ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷும் கிளட்ச்சும் தேய்ந்துகொண்டே இருக்கும். அது முதல் நாளே தெரியாது, பிறகுதான் தெரியும். இன்ஜினில் மிச்சம் பிடித்த பணம் இப்படித்தான் பின்பக்கமாக வெளியேறுகிறது. இதைச் செய்தவர்களின் வண்டிகளில் பெரும்பாலும் இன்ஜினைப் பற்றிப் பேச்சே இருக்காது. கிளட்ச் அதிர்வையும் ஆக்சில் சத்தத்தையும் பற்றித்தான் பேசுவார்கள்.

235-இல் இந்தச் சங்கிலியே தொடங்குவதில்லை. அது 216-இன் உடன்பிறப்பு. 1941-ல் லாரிக்காக வந்தது, 1950-ல் பவர்கிளைட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு காருக்குள் நுழைந்தது, 1954 முதல் எல்லா 235-லும் ராடு வரை அழுத்தத்தில் ஆயில் போகிறது. ஷெல் பேரிங், அலுமினிய பிஸ்டன். 1953 முதல் 1955 வரை வந்த ஆறு சிலிண்டர் கொர்வெட்டில் மூன்று கார்புரேட்டரோடு 150 குதிரைத்திறனுக்கு ஏற்றப்பட்டதும் இதே இன்ஜின்தான். பழைய பெல் ஹவுசிங்கில் அப்படியே உட்காரும். ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் பெட்ரோல் பம்ப்பும் வலப்பக்கம், மேனிஃபோல்டு இடப்பக்கம் என்று எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கும். பானெட்டைத் திறந்து பார்க்கிறவர்களில் பலருக்கு மாற்றியதே தெரியாது.

வேலை இல்லாமலும் இல்லை. நாங்கள் வாங்கியது 1950களின் கடைசியில் வந்த லாரி இன்ஜின், 12 வோல்ட் காலத்தது. அதன் ஃப்ளைவீலில் 168 பல். நம் 6 வோல்ட் ஸ்டார்ட்டருக்கு 139 பல் வேண்டும். அதனால் பழைய ஃப்ளைவீலையே மாட்டினோம். 1955 முதல் வந்த வாட்டர் பம்ப்போடு ஃபேன் சரியான இடத்தில் வராது. 216-இன் பம்ப்பை ஒரு தகடு வைத்துப் பொருத்த வேண்டும். காரிலிருந்து எடுத்த 235 என்றால் முன் மவுண்ட் தகடும் மாற வேண்டியிருக்கும். அது டைமிங் கியருக்குப் பின்னால் இருப்பதால், இன்ஜின் பிரித்துக் கிடக்கும்போதே செய்துவிட வேண்டும். அப்புறம் ஆயில் அழுத்த மீட்டர். டேஷ்போர்டில் இருக்கும் பழைய மீட்டர் 30 பவுண்டு வரைதான் காட்டும். புது இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முள் கடைசிக் கோட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். 60 பவுண்டு மீட்டரை அதே முகப்பில் அமைத்துக்கொள்வது நல்லது.

பராமரிப்பில் ஒரு குறை உண்டு. இந்த இன்ஜினில் எல்லா ஆயிலும் ஃபில்டர் வழியாகப் போவதில்லை. ஃபில்டர் இருந்தாலும் அது ஒரு பங்கை மட்டும் வடிகட்டும் பைபாஸ் வகை. ஆயிலைச் சீக்கிரமே மாற்றிவிட வேண்டும். பவர்கிளைட் கார்களில் வந்த ஹைட்ராலிக் டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்) இன்ஜினைவிட, சாதா டேப்பட் உள்ளதே நம் தூசிக்கும் நம் மெக்கானிக்குகளுக்கும் ஏற்றது என்பது என் கருத்து.

261-ஐயும் சிலர் சொல்வார்கள். 235-இன் போரை, அதாவது சிலிண்டர் விட்டத்தை, பெரிதாக்கிய லாரி இன்ஜின் அது. கனடாவில் பான்டியாக் கார்களிலும் வந்தது. அதுவும் இதே பெல் ஹவுசிங்கில் சேரும். சிலிண்டர்கள் ஒட்டியிருப்பதால் பிளாக்கிலும் ஹெட்டிலும் நீராவித் துளைகள் இருக்கும். 235-இன் ஹெட்டை மாட்டினால் அந்தத் துளைகளைப் போட வேண்டும். நான் 261 ஓட்டியதில்லை. நம் கோடை வெயிலில் அது எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்தான் சொல்ல வேண்டும்.

ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் எண் இருப்பதால் எதை மாற்றினாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். 2021-ல் வந்த விண்டேஜ் வாகன விதிகள், 50 ஆண்டு தாண்டி, அசல் வடிவம் மாறாமல், சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்கும் வண்டியைத்தான் விண்டேஜ் என்கின்றன. அதே குடும்பத்து 235-ஐ ஆய்வுக் குழு எப்படிப் பார்க்கும் என்பதில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. அதனால் எங்கள் 216-ஐ எண்ணோடு, கிரீஸ் தடவி, ஷெட்டில் வைத்திருக்கிறோம். பெல் ஹவுசிங்குக்குப் பின்னால் எதையும் வெட்டாததால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம். விற்கும்போது இரண்டையும் சேர்த்தே கொடுக்கலாம். ஆக்சிலை வெட்டிய வண்டிக்கு அந்த வசதி இல்லை.

வெளிநாட்டிலிருந்து 235 வாங்குவதென்றால், பெயிண்ட் அடித்த படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். 1953-ல் கை கியர் வண்டிகளில் வந்த 235-க்கும் பழைய மொண்டு ஊற்றும் முறைதான்; வெளியே 235 என்றுதான் சொல்வார்கள். சம்ப்பைக் கழற்றி அடியிலிருந்து படம் கேளுங்கள். ராடு மூடியில் அந்தக் கரண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வேண்டாம். ஹெட்டின் வார்ப்பு எண் 848 என்று முடிந்தால் அது 1956 முதல் வந்த அதிக கம்ப்ரஷன் ஹெட்; கூடக் கொஞ்சம் கேட்டாலும் கொடுக்கலாம்.