"விளக்கப்பட்டது" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்: தாடை, தொண்டை ஆபரேஷன் டிஸ்சார்ஜில் கோட்டை விடும் இடங்கள்

கன்னப் புற்றுநோய். தாடை எலும்பில் ஒரு பக்கத்தை எடுத்து, கழுத்து நெறிக்கட்டிகளையும் அகற்றி, மார்புத் தசையைத் திருப்பி மூடியிருக்கிறார்கள். தொண்டையில் மூச்சுவிட டிரக்கியாஸ்டமி டியூப், மூக்கில் வயிற்றுக்கு உணவு இறக்கும் ரைல்ஸ் டியூப். 11ஆம் நாள் டிஸ்சார்ஜ். டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசி வரியில் "டியூப் பராமரிப்பு, டியூப் உணவு விளக்கப்பட்டது" என்று இருக்கிறது, கீழே நோயாளியின் மனைவி கையெழுத்து. விளக்கம் என்று நடந்ததோ பில் கவுண்டருக்குப் போகும் வழியில் ஐந்து நிமிடம். அந்தத் தனியார் மருத்துவமனையின் பெயர் இங்கே வேண்டாம். ஆபரேஷனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பிய விதத்தில்தான் வரிசையாகக் கோளாறு.

முதல் கோளாறு டியூப் பெட்டியில். டிரக்கியாஸ்டமி டியூபோடு ஒரு வழிகாட்டிக் கம்பியும் வரும். உள்குழாய் உள்ள வகை என்றால் பெரும்பாலும் மாற்று உள்குழாயும் இருக்கும். டியூப் வெளியே வந்துவிட்டால் மறுபடி செலுத்த அந்தக் கம்பி வேண்டும். இங்கே பெட்டி வார்டுக் குப்பையில் போய்விட்டது. காசு உங்களுடையது, பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். அதே அளவில் ஒரு டியூபும் ஒரு அளவு சிறியது ஒன்றும் கட்டில் தலைமாட்டில் தொங்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் முந்தின நாள் பிளாஸ்டிக் டியூபை எடுத்துவிட்டு மெட்டல் டியூப் போட்டு, தனியாக பில். மெட்டல் கழுவிக் கழுவிப் பல நாள் ஓடும், உண்மைதான். ஆனால் இந்த நோயாளிக்கு அடுத்து ரேடியேஷன் என்பது வார்டுக்கே தெரியும். கழுத்தில் உலோகம் இருந்தால் கதிர் சிதறித் தோலைப் புண்ணாக்கும், அதனால் ரேடியேஷனுக்கு முன் திரும்பவும் பிளாஸ்டிக்குக்கு மாற்றுவார்கள். இரண்டு தடவை மாற்றுக் கூலி. "அடுத்து ரேடியேஷன் உண்டா, அப்படியானால் எந்த டியூப்?" என்று கேட்டிருந்தால் ஒரு செலவு மிஞ்சியிருக்கும்.

சளியை உறிஞ்சும் சக்‌ஷன் மிஷினை வாடகைக்குக் கொடுத்தவர்கள் கையில் திணித்த கதீட்டர் (டியூபுக்குள் விடும் மெல்லிய குழாய்) 16ஆம் நம்பர், டிரக்கியாஸ்டமி டியூபோ 8. கதீட்டர் டியூபின் உள்வாயில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது. அடைத்தால் சளியோடு காற்றையும் இழுத்து நோயாளியை மூச்சுத் திணற வைக்கும். டியூப் எண்ணில் 2ஐக் கழித்து இரண்டால் பெருக்குங்கள்: 8க்கு 12ஆம் நம்பர். மிஷின் முள் 80 முதல் 120க்குள் (mmHg அளவில்) நிற்கட்டும். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்ச வேண்டும். மொத்தம் 10 நொடி, அதிகம் போனால் 15. கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் வாடகை பேசும்போதே கேளுங்கள். பேட்டரியோ காலால் மிதிக்கும் பம்போ உள்ள மிஷின்கள் உண்டு.

மூக்கு வேலை செய்யாததால் உள்ளே போவது வறண்ட காற்று. சளி காய்ந்து பிசினாகி டியூபை அடைக்கும், வீட்டில் நடக்கும் ஆபத்துகளில் இது முதல் வரிசை. டாக்டர் சொல்லும் தடவைகள் சலைன் நெபுலைசர், டியூப் முன்னால் ஈரத் துணி, உள்குழாயைக் குறைந்தது நாளுக்கு மூன்று முறை கழுவுவது. கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். குரல்வளையையே எடுத்தவர் என்றால் இன்னொன்று: 108இல் வருபவரிடம் "மூச்சு கழுத்து வழியாக மட்டும்தான், ஆக்ஸிஜனைக் கழுத்தில் வையுங்கள்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்கு மூக்கில் மாஸ்க் வைத்துப் புண்ணியமில்லை.

ரைல்ஸ் டியூபில் நடந்தது இன்னும் மோசம். மூக்கருகே எத்தனையாவது சென்டிமீட்டர் குறி நிற்கிறது என்று சம்மரியில் இல்லை. அந்த எண் தெரியாமல் டியூப் நழுவியதா இல்லையா என்று வீட்டில் எப்படிப் பார்ப்பது? பாதி வெளியே வந்தால் நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள். தையலைக் கிழிக்கலாம், நுரையீரலுக்கும் போகலாம்.

மாத்திரைச் சீட்டில் பான்டோப்ரசோல் 40, "நுணுக்கி டியூப் வழியாக" என்று இருந்தது. அந்த மாத்திரையின் மேல்பூச்சே வயிற்று அமிலத்திலிருந்து மருந்தைக் காக்கத்தான். நுணுக்கினால் மருந்து வயிற்றிலேயே கெடும், துகள் டியூபை அடைக்கும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளை நுணுக்குவது அதைவிட ஆபத்து, நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே மூச்சில் இறங்கும். ஒவ்வொரு மாத்திரையையும் காட்டி "இதை நுணுக்கலாமா?" என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

உணவு 200 மில்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, நோயாளி நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில். சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டுத் தானாக இறங்க விடுங்கள், 10-15 நிமிடம் ஆகும். பிறகு ஒரு மணி நேரம் படுக்க வேண்டாம். முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கேழ்வரகுக் கஞ்சி ஆறினால் கெட்டிப்படும், இரண்டு முறை வடிகட்டாமல் ஊற்றாதீர்கள். 60 கிலோ ஆளுக்குச் சுமார் 1,500-1,800 கலோரி, 70 முதல் 90 கிராம் புரதம் வேண்டும். நீர்த்த கஞ்சியில் அது கிடைக்காது. பால், வேகவைத்து அரைத்த முட்டை, பருப்பு எல்லாம் சேர வேண்டும். மருந்துக் கடை விற்ற புரத டப்பாவைத் திருப்பி, 100 கிராமில் எத்தனை கிராம் புரதம் என்று படித்துவிட்டுக் காசு கொடுங்கள். சிலவற்றில் சர்க்கரைதான் தூக்கல்.

இனி எல்லாவற்றிலும் பெரிய தவறு. சம்மரியில் "ஒரு மாதம் கழித்து வரவும்". ரேடியேஷன் தேவைப்பட்டால் ஆபரேஷன் நாளிலிருந்து 6 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குள் பயாப்ஸி ரிப்போர்ட் வர வேண்டும், பல் டாக்டர் பார்க்க வேண்டும், கெட்ட பல்லைப் பிடுங்கிப் புண் ஆற இரண்டு வாரமாவது வேண்டும், ரேடியேஷனின்போது தலை அசையாமல் பிடிக்கும் மாஸ்க் செய்து திட்டமிட வேண்டும். ரேடியேஷனுக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பே ஆறாமல் அரிக்கக்கூடும். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டுப் போனால் இதில் எதற்கு நேரம்? ரிப்போர்ட் எந்தத் தேதி, யார் போன் எடுப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள்.

வாய் எவ்வளவு திறக்கிறது என்று யாரும் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை. முன்பற்களுக்கு நடுவே 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வாய்ப்பூட்டு. ரேடியேஷன் அதை இன்னும் இறுக்கும். ஐஸ் குச்சிகளை அடுக்கி நாளுக்கு ஒன்று கூட்டும் பயிற்சிக்குச் செலவே இல்லை, என்றைக்குத் தொடங்கலாம் என்பதைச் சர்ஜன் சொல்ல வேண்டும். தோளும் அப்படித்தான். கழுத்து ஆபரேஷனில் தோள் நரம்பு தப்பியிருந்தாலும் மாதக்கணக்கில் கை தூக்க வராது. அசைக்காமல் வைத்தால் மூட்டு உறையும்.

வீட்டுக்கு வந்த "நர்ஸ்" சக்‌ஷன் கதீட்டரைக் குழாய்த் தண்ணீரில் அலசியபோதுதான் அவர் வெறும் அட்டெண்டர் என்று தெரிந்தது. வாங்கிய கூலி நர்ஸ் கூலி. ஏஜென்சியிடம் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒரு முழு நாள், வீட்டில் பார்க்கப்போகிறவரே சக்‌ஷன், கழுவுதல், டியூப் உணவு மூன்றையும் நர்ஸ் முன்னால் தன் கையால் செய்யட்டும். மருத்துவமனை மறுத்தால், "விளக்கப்படவில்லை" என்று அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதே மருத்துவமனையில், மறு வாரம் வேறொருத்தர் அப்படி எழுதப் பேனாவை எடுத்ததும் டியூட்டி டாக்டரே வந்து முக்கால் மணி நேரம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

கழுத்திலோ டியூபிலோ ஒரு ஸ்பூன் அளவு சிவந்த இரத்தம் வந்து தானாக நின்றாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம், பெரிய கசிவுக்கு முன்னால் வரும் எச்சரிக்கையாக இருக்கலாம். கழுத்துத் தையலில் எச்சில் நாற்றத்தோடு நீர் கசிந்தாலும், காய்ச்சலோடு சளி பச்சையானாலும் அன்றைக்கே கிளம்புங்கள். போகும்போது தலைமாட்டில் தொங்கும் இரண்டு டியூபையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், கேஷுவால்டியில் அந்த அளவு கையிருப்பில் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.