வாங்குவதா, தைப்பதா: பிவ்வி பை, தார்ப், சைக்கிள் பைகள் ஒரு மதிப்புரை

கூடாரம் இல்லாமல், சைக்கிளிலேயே எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய்ப் படுப்பதற்கான சாமான்களில் பாதி நேர்கோட்டுத் தையல்தான். தார்ப் (மேலே கட்டும் மழைவிரிப்பு), குவில்ட் (உறங்குபைக்குப் பதில் போர்த்தும் பஞ்சுப் போர்வை), ஃபிரேம் பை (சைக்கிள் சட்டத்தின் நடுவில் மாட்டும் பை) மூன்றையும் வீட்டுத் தையல் மெஷினே தாங்கும். மற்ற பாதியில் சவ்வு ஒட்டியிருக்கும், காற்று அடைத்திருக்கும், அல்லது வளைந்து விறைப்பாக நிற்கும் அச்சு இருக்கும். அதை வீட்டில் செய்யப் போனால் எடையும் கூடும், ஒழுகவும் செய்யும். பணத்தை அந்தப் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிவ்வி பை, அதாவது உறங்குபையை உள்ளே நுழைத்துப் படுக்கும் வெளியுறை. இதை வாங்கத்தான் வேண்டும். மூன்று வகை கிடைக்கின்றன. நீர் புகாத, ஆவி வெளியேறும் சவ்வு கொண்ட மூவடுக்குத் துணிப் பைகள் பெரும்பாலும் 400 முதல் 900 கிராம் வரை இருக்கும். அடிப்பாகம் மட்டும் நீர் புகாமல், மேல்பாகம் மெல்லிய நைலானாக இருக்கும் பைகள் 150 முதல் 250 கிராம். தலைப்பக்கம் வளைகம்பி வைத்தவை மூன்றாம் வகை. கம்பி வைத்த பை ஒரு கிலோவைத் தொட்டுவிட்டால் அதே எடைக்கு உட்கார இடமுள்ள ஒற்றையாள் கூடாரமே கிடைக்கும். கொசு, பூச்சி அதிகம் உள்ள இடங்களைத் தவிர அந்த வகைக்கு அவசியம் இருப்பதாகத் தெரியவில்லை.

மேலே தார்ப் கட்டுவதாக இருந்தால் இரண்டாம் வகை போதும். மழையைத் தார்ப் பார்த்துக்கொள்ளும். பைக்கு மிஞ்சும் வேலை சாரல், பனி, காற்று, தரை ஈரம் இவ்வளவுதான். தார்ப் இல்லாமல் வெட்டவெளியில் படுப்பவருக்கு மூவடுக்குச் சவ்வு வேண்டும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்கு அது ஆவியை வெளியேற்றும் என்று நம்ப வேண்டாம். உள்ளே வெப்பமும் ஈரமும் கூடுதலாக, வெளியே குளிரும் வறட்சியுமாக இருந்தால்தான் ஆவி சவ்வைத் தாண்டிப் போகும். வெளியே இளஞ்சூட்டு மழை பெய்து, காற்றே ஈரத்தில் நிறைந்திருந்தால் அது போக இடமில்லை. விடியும்போது உறங்குபையின் கால்மாட்டில் ஈரம் இருந்தால் பை ஒழுகுகிறது என்றே பலர் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது அவர்கள் மூச்சும் வியர்வையும்தான். வாயும் மூக்கும் பைக்கு வெளியே இருக்கட்டும். குளிரினால் முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டால் மூச்சு ஈரம் முழுவதும் துணியில் நீராகப் படியும்.

படுக்கும் இடமும் பைக்குச் சமமான வேலையைச் செய்கிறது. குளிர்ந்த காற்று இரவில் பள்ளத்தில் இறங்கித் தேங்கும், அங்கேதான் பனி கொட்டும். பத்து இருபது மீட்டர் ஏறினாலே வித்தியாசம் தெரியும். வானம் திறந்த இடத்தில் துணி தன் வெப்பத்தை மேலே இழந்து சுற்றுக்காற்றைவிடக் குளிர்ந்துவிடும். மரக்கிளைகளுக்குக் கீழே அந்த இழப்பு குறைவு, பையும் அந்த அளவுக்கு நனையாது. காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்குகிறதா என்று மட்டும் அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது நீளத்தைவிடச் சுற்றளவைத்தான் பார்க்க வேண்டும். இறுக்கமான பை உறங்குபையை நசுக்கிவிடும். நசுங்கிய இடத்தில் காற்று இல்லை, காற்று இல்லாத இடத்தில் கதகதப்பும் இல்லை. காற்று மெத்தையைப் பைக்குள்ளேயே வைப்பதாக இருந்தால் அதை ஊதி வைத்துப் படுத்துப் பார்த்த பிறகே வாங்குங்கள். காலியான பையில் தாராளமாகத் தெரியும் இடத்தை 6 சென்டிமீட்டர் மெத்தை விழுங்கிவிடும்.

மெத்தையும் வாங்கும் பொருள்தான். அதில் பார்க்க வேண்டிய எண் ஆர்-மதிப்பு, தரைக்குளிரை மெத்தை எவ்வளவு தடுக்கும் என்பதன் அளவு. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுச் சோதனை முறை 2018இல் வந்த பிறகு, அதன்படி அளந்த மெத்தைகளை எந்த நிறுவனத்தினுடையதானாலும் ஒப்பிட முடிகிறது. அதற்கு முந்தைய எண்களை நம்பி ஒப்பிடாதீர்கள். மடிக்கும் நுரைப் பாய்கள் ஏறத்தாழ 400 கிராமுக்கு ஆர் 2 தரும். முள் குத்தினாலும் கவலையில்லை, ஆனால் சைக்கிளில் எங்கே கட்டினாலும் துருத்திக்கொண்டு நிற்கும். காற்று மெத்தை அதே எடைக்கு ஆர் 4க்கு மேல் தந்து தண்ணீர்ப் பாட்டில் அளவுக்குச் சுருங்கும், பஞ்சரானால் இரவு போயிற்று. இரண்டை அடுக்கினால் ஆர்-மதிப்புகள் கூடும். அதனால் காற்று மெத்தைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் நுரைத் தாள் ஒன்று போட்டால் முள்ளும் தடுக்கப்படும், கொஞ்சம் சூடும் கூடும்.

இனி தைக்கும் பகுதி. தார்ப்பில் தொடங்குவது நல்லது, தப்பினாலும் துணி அவ்வளவாக வீணாகாது.

துணியில் மூன்று தேர்வுகள் இருக்கின்றன. சில்நைலான் என்பது இருபுறமும் சிலிக்கான் பூசிய நைலான், சதுர மீட்டருக்குச் சுமார் 45 கிராம். எளிதில் கிழியாது, கையளவு மடியும். நைலான் தண்ணீரைக் குடித்து நீளும் என்பதுதான் அதன் குறை. மாலையில் விறைப்பாகக் கட்டிய தார்ப் நள்ளிரவில் தொய்ந்திருக்கும், எழுந்து இழுத்துக் கட்ட வேண்டும். சில்பாலி என்பது அதன் பாலியஸ்டர் உறவு. தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, தொய்வும் குறைவு, கிழிசல் வலிமை சற்றுக் கம்மி. முதல் தார்ப்புக்கு எங்கள் தேர்வு இதுதான். மூன்றாவது, முன்பு கியூபன் ஃபைபர் என்று அழைக்கப்பட்ட டைனீமா கலப்புத் துணி. மெல்லிய வகை சதுர மீட்டருக்கு 18 கிராம் அளவுதான், நீளவே நீளாது. ஆனால் உரசினால் தேயும், சூடு தாங்காது, கசக்கினால் மற்ற இரண்டையும்விடப் பெரிய பொதியாகும். வலுவான இணைப்புக்கு அதைத் தைக்கக் கூடாது, பட்டையால் ஒட்ட வேண்டும். தையல் கற்பவருக்கு அது வேண்டாம்.

பிவ்வி பையுடன் சேர்த்துப் பயன்படுத்த 1.5 மீட்டர் அகலம், 2.7 மீட்டர் நீளம் போதும். துணி வழக்கமாக 1.5 மீட்டர் அகலத்தில் வருவதால் நடுவில் இணைப்பே வராது. இணைப்பு இல்லை என்றால் நடுமுதுகில் ஒழுகவும் வழியில்லை. பரப்பு 4 சதுர மீட்டர், துணி மட்டும் 180 கிராம். வலுவூட்டும் துண்டுகள், நாடா, நூல் சேர்ந்தால் 220 கிராம் வரும். இந்த அகலத்தில் சாய்கூரையாகக் கட்டினால் காற்று திரும்பும்போது கால் பக்கம் சாரல் அடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிவ்வி பை இல்லாமல் தார்ப் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்த அளவு பற்றாது.

ஓரத்தை 1 சென்டிமீட்டர் வீதம் இரண்டு முறை மடித்து, மடிப்பின் உள்விளிம்பை ஒட்டித் தையுங்கள். ஊசி 70 அல்லது 80, நுனி கூர்மையானது. நூல் பாலியஸ்டர் மட்டுமே, பருத்தி நூல் நனைந்து மக்கும். தையல் நீளம் 3 மில்லிமீட்டர். நெருக்கமாகத் தைத்தால் வலுவாகும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் நெருங்கிய துளைகள் தபால்தலை ஓரம்போல் துணியைக் கிழிய வைக்கும். குண்டூசி குத்தக் கூடாது, குத்திய துளை அப்படியே நிற்கும். சிறு கிளிப்புகளை மாட்டிக்கொள்ளுங்கள். சிலிக்கான் துணி வழுக்கும், மெஷினின் பல் கீழ்த்துணியை மட்டும் இழுத்து மேல்துணியைப் பின்தங்க விடும். ஊசிக்கு முன்னும் பின்னும் இரு கைகளால் துணியை மென்மையாக விறைத்துப் பிடித்தால் சுருக்கம் விழாது. மேல்நூல் இறுக்கத்தையும் வழக்கத்தைவிட ஒரு படி குறைத்து, வெட்டித் தள்ளிய துண்டில் சோதித்துப் பாருங்கள்.

தார்ப் கிழிவது பெரும்பாலும் கயிறு கட்டும் இடத்தில்தான், நடுத்துணியில் அல்ல. நான்கு மூலை, நீளப் பக்கங்களில் இரண்டிரண்டு, அகலப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று என மொத்தம் பத்து இடங்கள். ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் அளவில் அதே துணியின் இரட்டைத் துண்டை வைத்துத் தைத்து, அதன்மேல் 15 அல்லது 20 மில்லிமீட்டர் அகல நாடாவை வளையமாக மடித்து, சதுரமும் குறுக்கும் போட்டு மூன்று முறை ஓட்ட வேண்டும். இந்தத் தையல் துளைகளை மூட சிலிக்கான் பசை ஒரு பங்குக்குக் கனிம டர்பன்டைன் மூன்று பங்கு கலந்து, எண்ணெய் பதம் வந்ததும் தூரிகையால் பூசி, ஒரு நாள் காய விடுங்கள். சிலிக்கான்மேல் சிலிக்கான்தான் ஒட்டும், பாலியூரித்தேன் பசை உரிந்து வந்துவிடும். காய்ந்த பிறகு கொஞ்சம் முகப் பவுடர் தூவினால் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டாது.

கம்பத்துக்குத் தனியாக எதுவும் சுமக்க வேண்டியதில்லை, சைக்கிளே போதும். முன் பிரேக் லீவரை ஒரு வெல்க்ரோ பட்டையால் இறுக்கிக் கட்டினால் சக்கரம் உருளாது. ஹேண்டில்பார்மேல் தார்ப்பின் ஓரத்தைப் போட்டு, இருபுறமும் கயிறு இழுத்து முளை அடியுங்கள். லீவர் நுனி துணியைத் துளைக்கும், அங்கே ஒரு காலுறையைச் சுற்றுங்கள். செயின் பக்கம் வெளியே பார்க்கட்டும், இல்லாவிட்டால் காலையில் தார்ப்பில் கிரீஸ் கோலம்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவதும் வழக்கம். ஆனால் அப்படி நிறுத்தும்போது ஹைட்ராலிக் பிரேக்கின் எண்ணெய்த் தொட்டியில் காற்று இருந்தால் அது குழாய்க்குள் இறங்கி லீவரைத் தொளதொளப்பாக்கிவிடும்.

குவில்ட் தைப்பது தார்ப்பைவிட எளிது. உள்ளே கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ் போன்ற தொடர் இழை செயற்கைப் பஞ்சு விரிப்பு வேண்டும். இழைகள் தொடர்ச்சியாக இருப்பதால் நடுவில் குறுக்குத் தையல் தேவையில்லை, ஓரத்தைப் பிடித்தால் போதும். சதுர மீட்டருக்கு 133 கிராம் பஞ்சு பலருக்கு 5 டிகிரி செல்சியஸ் அளவு வரை தாங்கும், எளிதில் குளிர்பவர் 167 எடுங்கள். நீளம் 200, தோளில் 135, காலில் 100 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 2.35 சதுர மீட்டர். பஞ்சு 313 கிராம், சதுர மீட்டருக்கு 35 கிராம் துணி இரண்டு அடுக்கு 165 கிராம், கயிறும் நூலும் சேர்த்து 500 கிராமுக்குச் சற்று மேல். இரண்டு துணிகளையும் நல்ல பக்கம் உள்நோக்க வைத்து, மேலே பஞ்சை விரித்து, மூன்று பக்கம் தைத்துத் திருப்பிவிடுங்கள். பஞ்சு மெஷின் பாதத்தில் சிக்கும், அதற்கு மெல்லிய காகிதக் கீற்றை மேலே வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்தால் தீர்ந்தது. இறகு உறங்குபை இதைவிட இலேசாகவும் சிறியதாகவும் இருக்கும் என்பது உண்மை. ஆனால் பிவ்வி பைக்குள் இரவுக்கிரவு சேரும் ஈரத்தில் இறகு சுருண்டு படுத்துவிடும், பஞ்சு பரவாயில்லை. பஞ்சின் பலவீனம் வேறு: ஒவ்வொரு நாளும் இறுக்கி அடைத்தால் வருடங்களில் தட்டையாகிவிடும். சீட் பைக்குள் திணிக்காமல் ஹேண்டில்பாரில் தளர்வாகச் சுருட்டி வையுங்கள்.

ஃபிரேம் பை தைப்பவருக்குத்தான் நல்ல லாபம், கடைப் பை எந்த ஃபிரேமுக்கும் சரியாகப் பொருந்துவதில்லை. அட்டையை ஃபிரேமுக்குள் வைத்து வெட்டி, சுற்றிலும் 5 முதல் 10 மில்லிமீட்டர் குறைத்துவிடுங்கள். குழாயைத் தொடும் அளவுக்கே வெட்டினால், சாமான் போட்டதும் பை உப்பி ஃபிரேமில் ஏறாது. அகலம் மேலே 6, பெடல் அச்சுப் பக்கம் 4 அல்லது 5 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் முழங்கால் உரசும். துணி எக்ஸ்-பேக் விஎக்ஸ்21 (பல அடுக்குகளை ஒட்டிய துணி) அல்லது 500 டெனியர் கோர்டுரா (தடித்த நைலான்; டெனியர் என்பது நூல் தடிமனின் அளவு), ஊசி 90 அல்லது 100. எக்ஸ்-பேக் துணி நீர் புகாது, தையல் துளைகளில் புகும். ஃபோனும் உடையும் உள்ளே தனி நீர் புகாப் பையில்தான் போக வேண்டும்.

பெரும்பாலான ஃபிரேம் பைகளின் ஆயுள் ஜிப்போடு முடிகிறது. 5ஆம் எண் ஜிப் வேண்டாம், 8 அல்லது 10 போடுங்கள். ரப்பர் பூசிய ஜிப் அழகாக இருக்கும், ஆனால் இழுக்கக் கடினம், மண் ஏறினால் ஸ்லைடர் சீக்கிரம் தேயும். சாதாரணச் சுருள் ஜிப்பைப் பல் உள்ளே இருக்கும்படி திருப்பி வைத்து, மேலே 2 சென்டிமீட்டர் துணி மடிப்பு விட்டால் அதுவே அதிக நாள் உழைக்கும். பையை முட்ட அடைத்தால் எந்த ஜிப்பும் பிளக்கும். உள்ளே இரு பக்கங்களையும் இணைத்து நடுவில் ஒரு வெல்க்ரோ பட்டை தைத்தால் உப்பலும் குறையும். ஃபிரேமில் பட்டை உரசும் இடங்களில் முதலிலேயே பாதுகாப்பு டேப் ஒட்டுங்கள், மண் புகுந்தால் பட்டை கார்பன் ஃபிரேமையும் அறுக்கும்.

சீட் பையை வாங்கிவிடுங்கள். அதன் அடியில் இருக்கும் விறைப்புத் தகடும் சீட் கம்பிகளைப் பிடிக்கும் பட்டைகளும் வீட்டில் சரியாக வருவது கடினம், தளர்ந்தால் பை வாலாட்டிக்கொண்டே வரும். கனமானதை சீட் போஸ்ட்டை ஒட்டி வைத்து, காற்றில்லாமல் இறுக்கினால் ஆட்டம் குறையும். பின் சஸ்பென்ஷன் இருந்தால் ஷாக்கின் காற்றை இறக்கி, சக்கரத்தை முழுவதும் மேலே அழுத்தி, டயருக்கும் பைக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நின்ற நிலையில் அளந்து வாங்கிய பையை முதல் பள்ளத்தில் டயர் தின்றுவிடும். முன்னால் ஹேண்டில்பாரில் ஒரு நீர் புகாப் பையும் இரண்டு பட்டைகளும் போதும், கேபிள்கள் நசுங்காமல் நுரைத் துண்டு மட்டும் இடையில் வையுங்கள்.

முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் மூன்று திருகுத் துளை இருந்தால் சாமான் கட்டும் கூடு மாட்டலாம். பல கூடுகளின் வரம்பு 3 கிலோ, ஃபோர்க்கின் வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கக்கூடும், இரண்டில் சிறியதே கணக்கு. துளை இல்லாத ஃபோர்க்கில் பழைய டியூப் ரப்பரைச் சுற்றி அதன்மேல் குழாய் கிளிப் இறுக்கலாம். உலோக ஃபோர்க்குக்கு மட்டும்.

அடுப்பு என்றால், குளிர்பானக் கேனை வெட்டிச் செய்த ஸ்பிரிட் (எரிசாராய) அடுப்பு 15 கிராம்கூட இல்லை. அரை லிட்டர் தண்ணீருக்கு 20 முதல் 25 மில்லிலிட்டர் ஸ்பிரிட் போதும், காற்றுத் தடுப்பு இருந்தால். வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது, அணைந்துவிட்டது என்று எண்ணி மேலே ஸ்பிரிட் ஊற்றினால் புட்டி தீப்பிடிக்கும். தார்ப்புக்கு அடியில் ஏற்றவே கூடாது.

இரண்டாம் வகை பிவ்வி, தார்ப், முளை, கயிறு, மெத்தை, குவில்ட் எல்லாம் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். முளைகளில் ஐந்தாறு கிராம் டைட்டானியக் கொக்கி வகை மென்மண்ணில் சுழன்று கயிற்றை விட்டுவிடும். தலைமாட்டு இரண்டுக்கு மட்டும் ஒய் வடிவ அலுமினியம் எடுங்கள். பழுதுக்கு ஒரு தடித்த ஊசி, நான்கு மீட்டர் நூல், மெத்தை ஒட்டுத்துண்டு, உபரி ஜிப் ஸ்லைடர் ஒன்று. தேய்ந்த ஸ்லைடரைக் குறட்டால் இருபுறமும் மெல்ல அழுத்தினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், பலமாக அழுத்தினால் உடையும்.