பழைய டைரி, தமிழ்99, ஓர் அண்ணாச்சி: அச்சேறாத நாவலாசிரியனின் நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

மிக்ஸி, செல்போன், ஸ்கூட்டர் பற்றியெல்லாம் பல வருடம் பயன்படுத்திவிட்டு அனுபவம் எழுதுகிறார்கள். நாவல் எழுதும் பழக்கங்களுக்கும் அப்படி ஒன்று எழுதலாமே என்று தோன்றியது. என் தகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாவல்கள் முடிந்து பீரோவில் இருக்கின்றன, மூன்றாவது ஓடிக்கொண்டிருக்கிறது, எதுவும் அச்சில் வரவில்லை. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதுவது பிழைப்பு.

அச்சில் வந்தவர்கள் சொல்லும் யோசனைகள் நிறையவே கிடைக்கின்றன. ஆனால் அவர்களைக் கெடு வைத்து விரட்ட ஒரு பதிப்பாசிரியர் இருக்கிறார், எப்போது வரும் என்று கேட்க நாலு வாசகர்கள் இருக்கிறார்கள். யாருமே கேட்காத நாவலை எழுத மறுநாளும் என்னை உட்கார வைத்தது எது என்பதுதான் என் கேள்வி. கீழே வருகிற எல்லாவற்றையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே எடை போட்டிருக்கிறேன்.

முதலிடம் போன வருட டைரிக்கு. எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம், அதாவது புது வருட மாதிரிகளின் தொகுப்பு, போட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிப்பார்கள். அங்கிருந்து டிசம்பர் கடைசி வரை காலண்டரும் டைரியும்தான். பொங்கல் தாண்டியதும் மிஞ்சிய டைரிக்குப் பழைய பேப்பர் விலைதான். கட்டி அட்டை, பட்டு ரிப்பன், உள்ளே நல்ல மேப்லித்தோ தாள், எல்லாம் இருந்தும் வருடம் போய்விட்டதால் யாருக்கும் வேண்டாம். அப்படி ஒதுங்கியவற்றை வாங்கித்தான் எழுதுகிறேன். சாதாரண நோட்டில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு: பக்கத்துக்கு எல்லை இருக்கிறது. ஒரு தேதி, ஒரு பக்கம். என் கையெழுத்துக்கு ஒரு பக்கத்தில் நூற்றிருபது, நூற்றிமுப்பது சொல் பிடிக்கும். அது நிரம்பினால் அன்றைய வேலை முடிந்தது. பல டைரிகளில் ஞாயிறுக்கு அரைப் பக்கம்தான் கொடுத்திருப்பார்கள். கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற நாளுக்கு அது போதும். வருடம் முழுக்க நிரப்பினால் ஏறக்குறைய நாற்பதாயிரம் சொல் வரும். தமிழில் அது ஒரு கௌரவமான நாவல்.

கடைசிப் பக்கங்களில் முகவரி எழுத இடம் விட்டிருப்பார்கள். அதில் பாத்திரங்களை எழுதி வைக்கிறேன். பெயர், பிறந்த வருடம், எந்தத் தெரு, யாருக்கு யார் என்ன முறை. நூறு பக்கம் தாண்டிய பிறகு ஒருத்திக்கு அத்தையாக இருந்தவள் சித்தியாக மாறிவிடாமல் இருக்க இதுதான் காவல். வரவு செலவுப் பக்கத்தில் எந்த அத்தியாயத்தில் யாருக்கு என்ன தெரியும், யாரிடம் எதை மறைத்திருக்கிறோம் என்று எழுதுகிறேன். கணக்கப்பிள்ளை புத்தி. ஆனால் பலன் இருக்கிறது.

டைரியில் அச்சான தேதி இன்னொரு வேலையும் செய்கிறது. இரண்டாவது நாவல் 2013-இல் நடக்கிறது. 2019 டைரி கையில் இருந்தது. இரண்டு வருடத்துக்கும் கிழமைகள் ஒன்றுதான், ஜனவரி முதல் தேதி இரண்டிலும் செவ்வாய். சரி, கிழமைக்கு இது போதும் என்று பார்த்தால் பண்டிகையும் திதியும் ஒத்துவராது. 2013-இல் தீபாவளி நவம்பர் 2, 2019-இல் அக்டோபர் 27. பட்டாசு ஊரில் நடக்கும் கதையில் தீபாவளி ஒரு வாரம் தள்ளிப்போனால் கூலிப் பட்டுவாடா தேதி, போனஸ், கடன் வசூல் எல்லாம் தள்ளிப்போகும். அதனால் கதை நடக்கும் வருடத்தின் தினசரிக் காலண்டரைத் தேடிப் பிடித்துவிடுவது என்று வைத்திருக்கிறேன். முகூர்த்த நாள், அமாவாசை, பௌர்ணமி எல்லாம் அதில் இருக்கும். ஒருவன் இரவில் காட்டுப்பாதையில் நடந்து வருகிறான் என்றால் அன்று நிலா இருந்ததா என்று நம் வாசகர்களில் யாராவது ஒருவர் பார்க்கத்தான் செய்வார். ஆடி மாதத்தில் கல்யாணம் வைத்தால் அதற்குக் கதையில் ஒரு காரணம் சொல்ல வேண்டும். சில சமயம் அந்தக் காரணமே கதையாகிவிடும்.

பேனா பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மை பேனா அழகு, ஆனால் டைரித் தாளில் மறுபக்கம் இறங்குகிறது. பந்துமுனைப் பேனா போதும்.

அடுத்து, தினமும் இத்தனை சொல் என்கிற திட்டம். நானோரைமோ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999-இல் அமெரிக்காவில் தொடங்கிய இயக்கம், நவம்பர் மாதத்துக்குள் ஐம்பதாயிரம் சொல்லில் ஒரு நாவலின் முதல் வரைவை எழுதி முடிப்பது. நாளுக்கு 1,667 சொல். அதை நடத்திய அமைப்பு 2025-இல் மூடுவதாக அறிவித்துவிட்டது, ஆனால் அந்த எண் மட்டும் எழுத ஆசைப்படுகிற எல்லோர் தலையிலும் உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அது ஒத்துவரவே இல்லை. ஒன்று, நவம்பரில் எங்கள் ஊர் அச்சகங்களில் மிஷின் ராப்பகலாக ஓடும், கணக்கு எழுதுகிறவனும் கூடவே ஓட வேண்டும். இரண்டாவது, ஆங்கிலத்தில் ஆறேழு சொல்லில் சொல்வதைத் தமிழ் ஒட்டி ஒட்டி ஒரே சொல்லில் அடக்கிவிடும். 1,667 தமிழ்ச் சொல் என்பது அவர்கள் எழுதுவதைவிட எவ்வளவோ அதிகம். அந்த எண்ணைத் துரத்தியபோது வர்ணனை பெருத்தது. மழை மூன்று பக்கம் பெய்தது. பாத்திரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். இலக்கு எட்டியது, மறுநாள் அதைப் படிக்கப் பிடிக்கவில்லை. படிக்கப் பிடிக்காத இடத்திலிருந்து தொடரவும் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறேன், அடுத்த வரி மனதில் இருந்தாலும். அந்த வரியை எழுதாமல் வைத்துக்கொண்டு தூங்கப் போனால் மறுநாள் தானாகக் கை போகும்.

கணினிக்கு வருவோம். கையெழுத்துப் பிரதி முடிந்த பிறகுதான் தட்டச்சு. தமிழ்99 விசைப்பலகை, தமிழக அரசு 1999-இல் தரப்படுத்தியது. இடது கைக்கு உயிர், வலது கைக்குப் பெரும்பாலும் மெய். ஆங்கில எழுத்தை வைத்து ஒலிபெயர்த்து அடிப்பவர்களுக்கு இது தேவையில்லாத தொல்லையாகத் தெரியும். நானும் பழகச் சோம்பல்பட்டவன்தான், ஆனால் நாவல் நீளத்துக்கு அடிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ‘வந்தான்’ என்று அடிக்க வ, ந, த, ஆ, ன, புள்ளி, ஆறு தட்டு. ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தால் நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில வழியில் எட்டுத் தட்டு. தட்டு மிச்சமாவது ஒருபுறம். ஒலிபெயர்த்து அடிக்கும்போது மனதுக்குள் ஓர் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஓடிக்கொண்டே இருக்கும். வட்டார வழக்கில் ஒரு கிழவி பேசும் வசனத்தை அடிக்கும்போது அந்த ஓட்டம் பெரிய இடைஞ்சல்.

கணினியில் எனக்குத் தீராத எரிச்சல் ஒன்று உண்டு: பாத்திரத்தின் பெயரை மாற்றுவது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர் தேடி மாற்று என்று ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். தமிழில் மணி என்பவனைச் சேகர் ஆக்கிப் பாருங்கள். ஆறு மணிக்கு வந்த பஸ் ‘ஆறு சேகர்க்கு’ வரும். கண்மணி ‘கண்சேகர்’ ஆவாள். அவன் வாட்ச் கட்டியிருப்பது ‘சேகர்க்கட்டில்’. செல்வம் என்ற பெயர் இன்னும் மோசம். செல்வத்தை, செல்வத்திடம், செல்வத்தோடு என்று அவன் ஒவ்வொரு வேற்றுமைக்கும் உரு மாறிவிடுவான், தேடினால் சிக்க மாட்டான். அதனால் மாற்றுப் பெயருக்கும் அதே முடிவு இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்கிறேன். செல்வத்துக்குப் பதில் மாணிக்கம் என்றால் ‘செல்வ’வை ‘மாணிக்க’வாக மாற்றினால் போதும், உருபுகள் ஒட்டிக்கொள்ளும். கதையில் செல்வி என்று யாரும் இருக்கக் கூடாது. இருந்தால் அவள் ‘மாணிக்கி’ ஆகிவிடுவாள்.

குரல் தட்டச்சு தமிழுக்கு 2017-இல் வந்தபோது நிறைய எதிர்பார்த்தேன். செய்தித்தாள் தமிழைச் சொன்னால் நன்றாகவே எழுதுகிறது. ‘அவுக வந்தாகளா’ என்று கேட்டால் தடுமாறுகிறது. நிறுத்தற்குறியும் நாமே போட வேண்டும். முதல் வரைவுக்கு எனக்கு உதவவில்லை. ஆனால் அதன் மறுபக்கம், எழுதியதைப் போன் வாசித்துக் காட்டும் வசதி, திருத்தத்துக்கு அருமை. அந்தக் குரலுக்கு உணர்ச்சி கிடையாது. நம் வாயால் வாசித்தால் சுமாரான வாக்கியத்தையும் ஏற்ற இறக்கம் கொடுத்துக் காப்பாற்றிவிடுவோம். போன் காப்பாற்றாது. ‘அவன்’ என்று தொடர்ந்து நாலு வாக்கியம் தொடங்கியிருந்தால் நாலாவதில் காது கூசிவிடும்.

வட்டார வழக்கு பற்றி என் கருத்து சிலருக்குப் பிடிக்காது. ஒரு வசனத்தில் எல்லாச் சொல்லையும் பேசுகிற மாதிரியே எழுத வேண்டியதில்லை. ‘அவுக’ என்று ஒன்று வந்தாலே ஆள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். மற்றதை வாசகர் தன் காதிலேயே திருத்திக்கொள்வார். எல்லாவற்றையும் உடைத்து எழுதினால் கோயம்புத்தூர்க்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். சொல்லில் சிக்கனம் வேண்டாம், எழுத்துக்கூட்டலில் வேண்டும். சொல்லுக்கு கி.ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது. தேடுவதற்கு என்று திறந்தால் வேறு எதையோ படித்துக்கொண்டு அரை மணி நேரம் போய்விடும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. கதை சொல்லும் நடைக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. 1992, 2008, 2020 என்று மூன்று பதிப்பு வந்திருக்கிறது. பொருளோடு வாக்கியமாக எடுத்துக்காட்டும் தருவதால், ஒரு சொல்லை எந்தச் சொல்லோடு சேர்த்து எழுதுவார்கள் என்று தெரிந்துவிடும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் என்கிற பேரகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது, ஆனால் நாவலுக்கு அபூர்வமாகத்தான் திறக்கிறேன். அதிலிருந்து எடுத்த சொல் அதிலிருந்து எடுத்ததாகவே தெரிகிறது.

கதையை முன்கூட்டியே அத்தியாயம் அத்தியாயமாகத் திட்டம் போடும் பழக்கம் எனக்கு நிலைக்கவில்லை. திட்டம் முழுதாகத் தெரிந்தால் எழுதுவது படியெடுக்கும் வேலையாகிவிடுகிறது, மறுநாள் உட்கார மனம் வரவில்லை. கடைசிக் காட்சி மட்டும் மங்கலாகத் தெரிந்தால் போதும். டீக்கடையில் நண்பர்களிடம் கதையைச் சொல்வதையும் விட்டுவிட்டேன். சொன்னதும் அவர்கள் “அடேங்கப்பா” என்பார்கள், பாராட்டு வந்துவிட்டது, அப்புறம் எதற்கு எழுத?

இத்தனையிலும் அதிகப் பயன் கொடுத்தது ஓர் ஆள். எங்கள் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தால் சிவப்புப் பேனாவோடு படிப்பார். கருத்துச் சொல்ல மாட்டார், நன்றாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. எழுத்துப்பிழையைத் திருத்துவார். அதற்கு மேல், படிக்கும்போது கண் சொக்கிய இடத்தில் ஓரத்தில் ‘தூ’ என்று எழுதுவார். தூக்கம் என்பதன் சுருக்கம். முதல் தடவை பார்த்தபோது துப்பியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஓர் அத்தியாயத்தில் வரிசையாக மூன்று ‘தூ’. என்னவென்று கேட்டேன்.

“தம்பி, இவன் வீட்டை விட்டுக் கிளம்புறான், பஸ் ஏறுறான், டிக்கெட் வாங்குறான், சாத்தூர்ல எறங்குறான். எறங்கின எடத்துலதான கதை இருக்கு?”

“பயணத்துல அவன் மனசு…”

“அவன் மனசு சாத்தூர்லயும் அவன்கூடத்தான இருக்கும்.”

ஐந்து பக்கம் போனது. இன்று வரை அதைத் தேடிய ஆள் இல்லை, நான் உட்பட. உங்களுக்கும் இப்படி ஒருவர் கிடைத்தால் அவர் எழுத்தாளராக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தாளர்கள் நம் நாவலைத் தங்கள் நாவலாகத் திருத்துவார்கள்.

அச்சில் வருவது பற்றிக் கேட்பீர்கள். சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியை ஒட்டி நடப்பதால் பதிப்பகங்களுக்கு அதற்கு முந்தைய மாதங்களில் மூச்சு விட நேரமிருக்காது. அனுப்புவதானால் கோடையில் அனுப்புவதே மேல். ஓரிடத்திலிருந்து பதிலே வரவில்லை. இன்னோரிடத்தில் பணம் கட்டினால் போடுகிறோம் என்றார்கள். அச்சுக்கூலி, தாள் விலை, பைண்டிங் எல்லாம் தினமும் நான் எழுதும் கணக்கு என்பதால் அவர்கள் கேட்ட தொகையில் எவ்வளவு லாபம் என்று அங்கேயே தெரிந்துவிட்டது, எழுந்து வந்துவிட்டேன். நானே மின்னூலாகப் போடலாம், வழி இருக்கிறது. முதல் நாவலை அப்படிப் போட மாட்டேன், அதில் ‘தூ’ அதிகம். இரண்டாவதை அண்ணாச்சி மறுபடி வாங்கிப்போயிருக்கிறார். கண்புரை அறுவை முடிந்து இப்போதுதான் படிக்க ஆரம்பித்திருக்கிறார், நாற்பதாம் பக்கம் வரை வந்துவிட்டதாக நேற்றுச் சொன்னார். எத்தனை ‘தூ’ என்று கேட்டேன், முடித்துவிட்டுத் தருகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.