பொனெட்டில் காக எச்சத் தழும்பு: கைப் பொலிஷ், மெஷின், வோட்டர் பேப்பர், மறு பெயின்ட், எது சரி?

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட, வாவிக்கரை மரமொன்றின் நிழலில் காரை விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். கச்சான் காற்று அனலாய் அடித்த நாள். பின்னேரம் வந்து பார்த்தால் கறுத்த பொனெட்டில் இரண்டு வெள்ளைத் திட்டு. நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது. வீட்டுக்கு வந்து கழுவினேன். எச்சம் போனது, அதன் அடையாளம் போகவில்லை. ஒன்று ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் மங்கல். மற்றது அதைவிடச் சின்னது, ஆனால் ஓரமெல்லாம் சுருங்கி, வற்றிய குளத்துச் சேறு வெடித்த மாதிரி இருந்தது.

பறவைக்குச் சிறுநீர் தனியாகப் போவதில்லை. எச்சத்தில் நாம் காணும் வெள்ளைப் பசைதான் அது, பெரும்பகுதி யூரிக் அமிலம். ஆனால் கெடுதலை அமிலம் மட்டும் செய்வதில்லை. வெயிலில் பெயின்டின் மேலிருக்கும் கிளியர் கோட், அதாவது நிறத்தைக் காக்கும் நிறமில்லாத மேற்பூச்சு, இளகி விரிகிறது. எச்சமோ காய்ந்து இறுகுகிறது. பின்னேரம் சூடு தணிய, கிளியர் கோட் அந்த இறுகிய கட்டியைச் சுற்றிச் சுருங்கி அதன் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. கறுப்பு, கடும் நீலம் போன்ற நிறங்கள் கூடச் சூடேறுவதால் கெடுதலும் கூடுதல், அடையாளம் தெரிவதும் கூடுதல்.

எந்த வழி என்று தீர்மானிக்க முதல் ஒரு கணக்கு மனதில் இருக்க வேண்டும். கொம்பனியில் அடித்த கிளியர் கோட்டின் தடிப்பு பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்றைவிட மெல்லியது. தேய்க்கிற வேலை எதுவானாலும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் மினுக்கம் தருகிறது. எடுத்தது திரும்ப வராது.

இரண்டு இடத்தில் விசாரித்தேன். ஒரு கராஜில் பார்த்த பார்வையிலேயே பொனெட் முழுக்கத் திரும்ப அடிக்கச் சொன்னார்கள். ஆரையம்பதிப் பக்கம் பெயின்ட் வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவர் டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்தார். பிறகு, “தம்பி, கண்ணை மூடிக்கொண்டு நகத்தால தடவிப் பாருங்க. மாட்டுதா?” என்றார். பெரிய தழும்பில் நகம் வழுக்கிப் போனது. சின்னதில் மாட்டியது. “அப்ப ரெண்டுக்கும் ஒரே மருந்து இல்ல,” என்றார். என் கதை முழுவதும் அந்த ஒரு வசனத்துக்குள் இருக்கிறது.

நகம் மாட்டாத தழும்புக்குக் கைப் பொலிஷே போதும். அதற்கும் முதல் சூட்டைப் பாவித்துப் பாருங்கள். இளகிச் சுருங்கிய கிளியர் கோட்டுக்குத் திரும்ப மெல்லிய சூடு கொடுத்தால் சில நேரம் தானாகவே தட்டையாகும். தலைமயிர் காய வைக்கும் ட்ரையரை அசைத்தபடியே பிடிக்க வேண்டும், ஒரே இடத்தில் நிறுத்தக் கூடாது. என் பெரிய தழும்பு அதிலேயே பாதி மறைந்தது. மிச்சத்துக்கு நைசான பொலிஷைப் பஞ்சுப் பட்டையில் எடுத்து, நிழலில், ஆறிய பொனெட்டில் இருபது நிமிடம் தேய்த்தேன். தோள் வலித்ததுதான் செலவு. பற்பசையும் மண்ணெண்ணெயும் இதற்குச் சரிவராது. பற்பசையின் கரடு சீராக இல்லை. மண்ணெண்ணெய் எண்ணெய் மினுக்கத்தைப் பூசிவிட்டுப் போய்விடும்.

மெஷின் பொலிஷ் வேகமானது, கையைவிட ஆழமாகவும் இறங்கும். ஆனால் எந்த மெஷின் என்று கேளுங்கள். ஒரே திசையில் சுழலும் ரோட்டரி தழும்பை நிமிடத்தில் எடுத்துவிடும். அதே வேகத்தில் சூடேற்றி, பொனெட்டின் மடிப்பிலும் ஓரத்திலும் நிறம் வரைக்கும் தின்றுவிடவும் கூடும். சுழன்றபடியே ஆடும் டுவல் அக்‌ஷன் மெதுவானது, பழக்கமில்லாத கைக்கும் ஓரளவு பாதுகாப்பு. இரண்டு தழும்புக்காகக் கார் முழுக்க ‘கட் அண்ட் பொலிஷ்’ (மேற்பூச்சைத் தேய்த்தெடுத்து மினுக்குவது) செய்ய விடாதீர்கள். நல்லாயிருக்கும் கதவின் கிளியர் கோட்டை ஏன் இழக்க வேண்டும்?

இன்னொன்று: சில பொலிஷ்களில் பள்ளத்தை நிரப்பி மறைக்கும் எண்ணெயும் மெழுகும் கலந்திருக்கும். கையில் தரும்போது கண்ணாடி மாதிரி மின்னும், மார்கழி மழையில் நாலு தரம் நனைந்ததும் தழும்பு திரும்பி வந்து நிற்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலைச் சரிபாதி தண்ணீரோடு கலந்து அந்த இடத்தைத் துடைத்து, நிரப்பிய எண்ணெய் போனபின் தழும்பு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபிக்க மாட்டார்.

வோட்டர் பேப்பர், அதாவது தண்ணீரோடு தேய்க்கும் நைசான உப்புத்தாள், நகம் மாட்டும் தழும்புக்கு மட்டும். 2000 இலக்கத் தாள், பிறகு அதைவிட நைசான 3000, சவர்க்காரத் தண்ணீரோடு, சின்ன இறப்பர்க் கட்டையில் சுற்றி, தழும்பின் மேல் மட்டும். அதன்பின் கொம்பவுண்டும் (பொலிஷைவிடக் கரடான தேய்ப்புப் பசை) பொலிஷும் கட்டாயம். நாலு வழியில் மிகக் கூடுதலாகத் தின்பதும் இதுதான், புதுக் கை இதில் பழகக் கூடாது. ஏற்கெனவே பலமுறை கட் பண்ணிய பழைய வாகனமென்றால் நான் தொடவே மாட்டேன்.

கிளியர் கோட் வெடித்து உரியத் தொடங்கினால், அல்லது நிறமே கெட்டிருந்தால், மறு பெயின்ட்தான் வழி. மற்ற நேரம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. கொம்பனியில் வெறும் தகட்டு உடலை 140 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு இறுக்குகிறார்கள். வயரும் இறப்பரும் பூட்டிய காரை அப்படிச் சுட முடியாது. கல்லடி, காத்தான்குடி போன்ற கடலோரத்தில் திறந்த கொட்டிலில் அடித்தால் ஈரமும் மணலும் சேர்ந்து ஒட்டும். அடித்தே தீர வேண்டுமென்றால் மாரி முடிய விடுங்கள், மூடிய பூத் (பெயின்ட் அடிக்கும் அறை) உள்ள இடம் பாருங்கள்.

சின்னத் தழும்புக்குப் பாஸ் 3000 தாளை மட்டும் எடுத்தார். பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்தார், துடைத்தார், சரித்துப் பார்த்தார், மெஷினை ஓட்டினார். முக்கால்வாசி போனது. “இன்னும் எடுக்கலாம், ஆனா நான் எடுக்க மாட்டன்,” என்றார். வெயில் சாயும் நேரம் பக்கவாட்டில் நின்று பார்த்தால் மெல்லிய வளையமாக அது இன்னும் தெரிகிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.