சார்ஸ் அடங்கியது, கோவிட் ஏன் அடங்கவில்லை?

இரண்டும் கொரோனா வைரஸ் வேலைதான்; ஏறக்குறைய அண்ணன் தம்பி. 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டாங்கில் தலைகாட்டிய சார்ஸ், சுமார் 8,100 பேரைப் பிடித்து, 774 உயிர்களைப் பறித்து, 2003 ஜூலையில் அடங்கிவிட்டது. 2019 கடைசியில் வந்த கோவிட் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

எது கொடியது என்று கேட்டால், தயங்காமல் சார்ஸ் என்பேன். பிடித்த பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஒருவர் இறந்தார். சரி, அப்புறம் ஏன் அது தோற்றது?

சார்ஸ் நோயாளியின் உடலில் வைரஸ் உச்சத்துக்குப் போவது, காய்ச்சல் தொடங்கிச் சுமார் பத்து நாள் கழித்து. அதற்குள் பெரும்பாலும் ஆள் படுக்கையில் விழுந்திருப்பார். அதனால் தொற்று அதிகமும் மருத்துவமனைக்குள்ளும் வீட்டாரிடமும்தான் சுற்றியது. காய்ச்சல்காரரைத் தனியே வை, அவரோடு பழகியவர்களைத் தேடு. இந்தப் பழைய வழியே போதுமானதாக இருந்தது.

கோவிட் அப்படியா? தொண்டை கரகரப்பதற்கு ஓரிரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். "எனக்கு ஒன்றுமில்லையே" என்று சிரித்துப் பேசியபடியே பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கொடுத்துவிடலாம். சிலருக்கு அறிகுறியே வராது. விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி இவர்களை எப்படிப் பிடிக்கும்?

செல்லுக்குள் புகும் வாசல் இரண்டுக்கும் ஒன்றே: ஏசிஇ2 என்ற ஏற்பி. ஆனால் சார்ஸ் நுரையீரலின் ஆழத்தில் பெருகியது. கோவிட் முதலில் மூக்கிலும் தொண்டையிலும் குடியேறுகிறது. தும்மக்கூட வேண்டாம், பேசினாலே வெளியே வந்துவிடும்.