கீழ்ப்பாக்கத்தில் மகனுக்கு ஆட்டிசம் பரிசோதனை: எங்கள் அனுபவம்

கீழ்ப்பாக்கத்தில் உள்ள இந்தக் குழந்தை வளர்ச்சி மையத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அவசரப்படாமல் பார்த்ததுதான். முன்பு போன இடத்தில், "பையன் கண்ணைப் பார்த்துப் பேசுறானே, ஆட்டிசமா இருக்காது" என்று உட்கார்ந்த சூட்டோடு அனுப்பிவிட்டார்கள்.

மகனுக்கு ஏழு வயது. யார் வீட்டுக்குப் போனாலும் அண்ணாந்து பார்த்து, ஃபேன் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடுவான். "உன் புருஷனும் சின்ன வயசுல இப்படித்தான்" என்பார் மாமியார்.

இங்கே முதலில் காது கேட்கும் திறனைச் சோதித்துவரச் சொன்னார்கள். அப்புறம் பழைய கதை முழுவதும் கேட்டார்கள். ஒன்றரை வயதில் வானத்தில் விமானம் போனால் விரல் நீட்டிக் காட்டினானா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தானா? இந்தக் கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

உளவியலாளர் அவனோடு தமிழிலேயே பேசி விளையாடினார். நடுவில், "நேத்து எனக்குக் கால் சுளுக்கிடுச்சு" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். இவன், "இந்த ரூம் ஃபேன் 1200 எம்எம்" என்றான். அவர் அமைதியாகக் குறித்துக்கொண்டார்.

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ ஆட்டிசத்தைக் காட்டாது என்று டாக்டர் விளக்கினார். ஒரு விஷயத்தில் பைத்தியமாக இருப்பது மட்டும் போதாதாம். பிறரோடு பழகுவதில் சிரமம், திரும்பத் திரும்ப வரும் பழக்கங்கள் இரண்டுமே சின்ன வயதிலிருந்து இருந்து, அன்றாட வாழ்க்கையையும் பாதிக்க வேண்டும். பேச்சு வருவதில் தாமதம் இல்லாத பிள்ளைகளுக்கு முன்பு ஆஸ்பெர்ஜர் என்று தனியாகச் சொன்னதையும் 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேடு ஆட்டிசத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டது. நம் நாட்டுக்கென்று உருவான ஐஎஸ்ஏஏ அளவுகோலையும் போட்டார்கள். 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசம் என்று கணக்கு. கடைசியில் இவனுக்கு ஆட்டிசம், முதல் நிலை, அதாவது மூன்று நிலைகளில் குறைந்த உதவி தேவைப்படுவது என்றார்கள். எனக்கு அழுகை வந்தது. டாக்டர் நான் முடிக்கும்வரை காத்திருந்து, ஸ்கூலில் என்னென்ன கேட்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

குறைகளும் உண்டு. காத்திருக்கும் ஹாலில் டிவி அலறுகிறது. காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளைகள் வரும் இடத்தில் இதை அணைக்கக்கூடவா ஆளில்லை? ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலத்தில்தான். மாமியாருக்கு ஒவ்வொரு வரியாக நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. மொத்தச் செலவையும் முன்கூட்டியே சொல்லவில்லை, போனிலேயே கேட்டுவிடுங்கள்.

போகிறவர்கள் பிள்ளையின் பழைய வீடியோக்களையும் டீச்சர் எழுதிய குறிப்பையும் எடுத்துப் போங்கள். சனிக்கிழமை வேண்டாம், நெரிசல் தாங்காது.